ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். உங்களில் பலர் "டீச்சர் எப்பப் பார்த்தாலும் பழைய போட்டோதான் போடறாங்க" என்று சொல்வது என் காதுக்கு வந்தது. இன்று போட்டோ இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போயிருந்தேன். என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு பெண் தக்காளிக் கூடை அருகே என்னைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கையைப் பிடித்தவள் விடவில்லை. "டீச்சர், அவரை முப்பது நாள் வெச்சிருந்து அனுப்பிட்டாங்க. இருபத்தஞ்சாயிரம் ஆச்சு. இனிமே சரியாயிடுவாரில்ல?" என்றாள்.

நான் அவளிடம் கேட்டது இரண்டே கேள்வி. அடுத்து எந்தத் தேதியில் வரச் சொன்னார்கள்? நடுவில் ஏதாவது ஆனால் யாருக்குப் போன் செய்யச் சொன்னார்கள்? இரண்டுக்கும் அவளிடம் பதில் இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க டீச்சர். பத்திரமாப் பார்த்துக்கோங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்து நான் எழுதப்போவது நம் வீட்டு விஷயம். தம்பி மனைவியிடமும் அவர் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அண்ணி, இன்னும் எத்தனை நாளைக்கு மூடி வைக்கிறது" என்று அவரே சொன்னார்.

என் தம்பி 2012-இல் இறந்தான். வயது 44. மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். காமாலை வந்தது உண்மை. ஆனால் அது குடியால் கெட்ட கல்லீரலில் வந்த காமாலை. அதைச் சொல்ல எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு அவனை ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம். கோயிலுக்குப் போகலாம் என்று பொய் சொல்லி வேனில் ஏற்றினோம். முப்பது நாள் கழித்து வந்தான். முகம் தெளிந்திருந்தது, இரண்டு கிலோ எடை கூடியிருந்தான். காட்டேரி நீங்கியது போல எல்லோருக்கும் சந்தோஷம். நான் வீட்டில் பூஜை வைத்தேன். பாயசம் செய்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் கையில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். பதினைந்து நாள் கழித்து ஒரு தேதி அதில் எழுதியிருந்தது. "அக்கா, நீயே வெச்சிரு, நான் தொலைச்சிடுவேன்" என்று என்னிடம் கொடுத்தான். என் கைப்பையில் வைத்தேன். அந்தத் தேதியில் எனக்குப் பள்ளியில் வேலை இருந்தது. அடுத்த வாரம் போகலாம் என்றேன். அடுத்த வாரமும் ஏதோ வந்தது. மூன்றாவது வாரம் அவன் மறுபடி குடித்தான். குடித்ததை நாங்கள் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் என்ன செய்தோம்? திட்டினோம். "இவ்வளவு செலவு பண்ணியும் புத்தி வரலியே" என்றோம். அந்த மையத்திலிருந்து ஒருவரும் ஒரு போன்கூடச் செய்யவில்லை. நாங்களும் செய்யவில்லை.

நான் யார் என்று நினைத்துப் பாருங்கள். 1984-இல் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து 2019 வரை முப்பத்தைந்து வருஷம் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவள். ஜூனில் பள்ளி திறந்ததும் நம் பக்கத்தில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். மாங்காய் சீசன். பிள்ளைகள் தோப்பிலும் மண்டியிலும் இருப்பார்கள். மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் நான் அவர்கள் வீட்டு வாசலில் நிற்பேன். பாரூர் பெரிய ஏரிக்கரையில் செருப்பு அறுந்து வெறுங்காலோடு நடந்து போய் ஒரு பையனைக் கூட்டி வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பையன் இப்போது ஓசூரில் சூப்பர்வைசர். அவனும் இதைப் படிக்கிறான்.

ஊரார் பிள்ளை நான்கு நாள் வராவிட்டால் தேடிப் போனவள், தம்பி போக வேண்டிய தேதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சேர்த்துவிட்டால் போதும், மீதியை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்ததுதான் காரணம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்றைக்கே பிள்ளை படித்துவிட்டான் என்று நினைப்பது போன்றது அது.

இப்போது இன்னொரு கதை. இது என் பழைய மாணவன் ஒருவனுடையது. அவன் சம்மதித்திருக்கிறான். ஊர், கம்பெனி, ஆஸ்பத்திரி எதன் பெயரையும் எழுத மாட்டேன்.

2022 ஆடி மாதம் அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். அவன் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. நான்கு பேர் சேர்ந்து ரூம். ஷிப்ட் முடிந்தால் குடி. பிறகு ஷிப்டுக்குப் போகும் முன்பே குடி, இல்லாவிட்டால் கை நடுங்கும். இந்தத் தடவை நான் பொய் சொல்லி வேனில் ஏற்றவில்லை. அவனிடமே பேசினேன். மூன்று நாள் பேசிய பிறகு, "வர்றேன் டீச்சர், நீங்களும் கூட வாங்க" என்றான். ஒரு அரசு மருத்துவமனையில் சேர்ந்தான்.

அங்கே டாக்டர் பார்த்தார், மருந்து கொடுத்தார். அது எல்லா இடத்திலும் நடப்பதுதான். அங்கே ஒரு சமூகப் பணியாளர் இருந்தார். முப்பது வயது இருக்கும் பெண். அவர் முதல் நாள் "எவ்வளவு குடிப்பீங்க" என்று கேட்கவில்லை. அதை டாக்டர் கேட்டு எழுதியிருந்தார். இவர் கேட்டது வேறு. சம்பளம் என்றைக்கு வரும்? கையில் வருமா, பேங்கில் வருமா? ரூமுக்குப் போகிற வழியில் கடை எத்தனை? கூட இருக்கிறவர்களில் குடிக்காதவர் யாராவது உண்டா? கடன் எவ்வளவு? யார் பேச்சைக் கேட்பீர்கள்? ஒரு நோட்டில் எல்லாம் எழுதினார். எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. வகுப்பில் சேர்கிற பிள்ளையின் வீட்டு நிலவரத்தை நாங்கள் இப்படித்தான் குறித்து வைப்போம்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அவர் செய்த வேலைகளைச் சொல்கிறேன். காண்ட்ராக்டருக்கு ஒரு மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்தார். உள்நோயாளியாக இருந்தான் என்று மட்டும் அதில் இருந்தது. என்ன நோய் என்பதைச் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டார், அவன் வேண்டாம் என்றான், எழுதவில்லை. பழைய ரூமுக்குத் திரும்பிப் போகாமல் மூன்று மாதம் மாமா வீட்டில் தங்க ஏற்பாடு செய்யச் சொன்னார். அவனே சம்மதித்துச் சம்பளக் கணக்கை மனைவியும் பார்க்கும்படி மாற்றிக்கொண்டான். வட்டிக்குக் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பதைக் கேட்டு, மகளிர் குழுவில் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று மனைவிக்குச் சொன்னார். சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது, அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய வைத்தார். குடியை விட்டவர்கள் தங்களுக்குள் நடத்தும் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்தார். தனியாகப் போகக் கூச்சப்பட்டவனை, ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த ஒருவரோடு சேர்த்துவிட்டார்.

அவர் கையிலிருந்து ஒரு பைசா கொடுக்கவில்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொன்னார். தட்டினார்களா என்று திரும்பக் கேட்டார். அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன். "எப்படி இருக்கீங்க, மாத்திரை இருக்கா, தூக்கம் வருதா?" இரண்டு நிமிஷம்.

ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. தைப்பொங்கல் முடிந்து எருது விடும் விழா. கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டான். திங்கட்கிழமை போன் வந்தது, அவன் எடுக்கவில்லை. உடனே மனைவிக்குப் போன் வந்தது. அவள் அழுதாள். அந்தப் பணியாளர் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள்: "திட்டாதீங்க. சாப்பிட்டாரா பாருங்க. நாளைக்குக் காலையில ஓபி-க்குக் கூட்டிட்டு வாங்க, நான் இருப்பேன்." மறுநாள் போனார்கள். ஒரு வாரம் மருந்து, மறுபடி வேலை.

என் தம்பி குடித்தது தெரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. இவனுக்கு இரண்டு நாள். இரண்டு பேருக்கும் கொடுத்த மாத்திரையில் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று எனக்கும் தெரியும். இவன் நாளைக்கு எப்படி இருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. அவனே "இன்னிக்கு குடிக்கலீங்க டீச்சர்" என்றுதான் சொல்வான். அடுத்த மாதத்தைப் பற்றிப் பேச மாட்டான். ஆனால் அந்தப் பணியாளர் செய்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெங்களூரில் நர்ஸாக இருக்கும் என் மாணவி சொன்னாள். 'கேஸ் மேனேஜ்மெண்ட்' என்பார்களாம். இதைத் தமிழில் 'வழக்கு மேலாண்மை' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தார்கள். படித்தால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வருகிறது. நான் 'துணை நிற்றல்' என்றே சொல்கிறேன்.

அந்த மாணவி சொல்லிக் கொடுத்தபடி அதில் ஐந்து வேலை. முதலில் ஆளை முழுதாகத் தெரிந்துகொள்வது: உடம்பு, வேலை, வீடு, கடன் எல்லாம். இரண்டாவது, அவரோடு உட்கார்ந்து திட்டம் போடுவது. மூன்றாவது, தேவையான இடத்தோடு இணைத்துவிடுவது. நான்காவது, இணைந்தாரா, தொடர்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. ஐந்தாவது, ஓர் அலுவலகத்தில் இவரை மதிக்காமல் விரட்டினால் இவருக்காகப் பேசுவது. அமெரிக்க அரசு 1998-லேயே இதற்கென்று ஒரு தனிக் கையேடு போட்டிருக்கிறது.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், குடிநோயால் கணவரை இளம் வயதில் இழந்தவர், 1980-இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் பலருக்குத் தெரியும். குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்ப்பது, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து பார்ப்பது என்று ஆரம்பம் முதலே வைத்திருந்தார்கள். நோயாளி சென்னைக்கு வர முடியாத ஊர்களுக்கு அவர்களே போனார்கள். தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடியில் 1989 முதல் கிராமத்திலேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மையாருக்கு 1992-இல் பத்மஸ்ரீ, 1999-இல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா குடிமைச் சமூக விருது. தன் வீட்டுத் துக்கத்தை மூடி வைக்காமல் ஊருக்குப் பயனாக்கியவர். நான் மூடி வைத்தேன்.

இந்த உதவி எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 2019-இல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நாடு முழுக்க ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தது. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். 38 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையையும் பாதியில் விட்டுவிட்டால் அதற்குப் பெயர் பள்ளிக்கூடமா?

இனி எனக்கு வரப்போகும் கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

"கடையை மூடினால் போதும் டீச்சர்." மூடட்டும், நான் சந்தோஷப்படுவேன். நாட்டிலேயே இதில் மூத்த அனுபவம் நம் மண்ணுக்குத்தான் உண்டு. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டு வந்தது சேலம் ஜில்லாவில். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது சேலம் ஜில்லாதான். அதற்குப் பிறகு மதுவிலக்கு வந்தது, போனது, 1983-இல் டாஸ்மாக் வந்தது, 2003 முதல் சில்லறைக் கடையும் அரசே நடத்துகிறது. நம் ஊருக்கு இன்னொரு சங்கடம், பஸ் ஏறினால் கர்நாடகம். இந்தக் கடை மூடினால் அந்தப் பாக்கெட் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததையும் பார்த்தோம். கடை பற்றிய விவாதம் நடக்கட்டும். இன்றைக்கு ஏற்கெனவே கை நடுங்கிக்கொண்டிருப்பவனுக்கு அது மருந்தாகாது.

"குடும்பம் எதற்கு இருக்கிறது?" குடும்பம் களைத்துப் போயிருக்கிறது. அந்தச் சந்தைப் பெண்ணைப் பாருங்கள். சமைக்க வேண்டும், கூலிக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அதோடு புருஷன் சட்டைப் பையையும் மோந்து பார்க்க வேண்டும். மனைவி போலீஸானால் அந்த வீடு ஸ்டேஷனாகிவிடும். வெளியே ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அவள் மனைவியாக இருக்க முடியும்.

"குடிகாரனுக்கு இவ்வளவு உபசாரமா?" இதை என் உறவில் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். சர்க்கரை நோயாளி தீபாவளிக்கு அதிரசம் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறினால் ஆஸ்பத்திரியை விட்டு விரட்டுகிறோமா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் நோய் என்றே சொல்கிறது. அதன் 98-ஆம் பிரிவு, டிஸ்சார்ஜ் செய்யும் முன் அடுத்து என்ன சிகிச்சை, என்ன உதவி என்று டாக்டர் கலந்து பேசித் திட்டமிட வேண்டும் என்கிறது. ஆக நான் தர்மம் கேட்கவில்லை. சட்டத்தில் இருப்பதைக் கேட்கிறேன்.

"இதற்கெல்லாம் ஆள் எங்கே?" இதுதான் நியாயமான கேள்வி. பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எனக்கே பிரஷர் மாத்திரை கொண்டு வரும் பெண், "போன மாசம் ஒழுங்காப் போட்டீங்களா?" என்று அட்டையை எண்ணிப் பார்ப்பாள். ஒரு டீச்சரை மிரட்டும் தைரியம் அவளுக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியைப் போதை சிகிச்சை முடிந்து வந்தவனிடமும் ஒருவர் கேட்கட்டும் என்கிறேன்.

அதே பெண்ணின் தலையில் இதையும் ஏற்றச் சொல்லவில்லை. ஏற்கெனவே அவர்களுக்கு வேலை அதிகம், ஊதியம் குறைவு. தனிப் பயிற்சி, தனி ஊதியத்தோடு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் துணை நிற்பவர்கள் வேண்டும். ஒருவர் கையில் இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கையும் வேண்டும். தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதே, அது போல. ஒருவரிடம் இருநூறு பெயரைக் கொடுத்தால் அவர் நோட்டில் டிக் போடுவார், போன் செய்ய மாட்டார். நூறு பேர் வகுப்பை ஒற்றை ஆளாகச் சமாளித்தவள் சொல்கிறேன்.

டாக்டர் பட்டம் இல்லாதவர்களால் முடியுமா என்றால், முடியும் என்பதற்குக் கோவாவில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களை வைத்து ஆபத்தான அளவில் குடிக்கும் ஆண்களுக்கு ஆலோசனை கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்து ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். இது கடுமையாக அடிமையானவர்களைப் பற்றிய ஆய்வு இல்லை, ஆலோசனையும் துணை நிற்றலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் உள்ளூர் மனிதர் ஒருவர் உட்கார்ந்து பேசினால் பலன் உண்டு என்பதற்கு அது போதும்.

தமிழக அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. நல்ல பெயர். கலங்கரை விளக்கம் கரையில் நிற்கும், வெளிச்சம் மட்டும் காட்டும். படகு தடுமாறினால் ஒருவர் கடலில் இறங்க வேண்டுமே. கட்டிலும் டாக்டரும் வந்த பிறகு அந்த ஆளையும் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எல்லைக்காரர்களான நமக்கு இன்னொன்றும் வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் இருக்கும் தெருவுக்குப் பெயரே ஓசூர் ரோடு. நம் பக்கத்தார் அங்கே போகிறார்கள், நல்ல சிகிச்சை பெறுகிறார்கள். ஆனால் சீட்டு அங்கே, வீடு இங்கே. கம்பெனி ஓசூரில், மனைவி பாரூரில். அங்கே எழுதிய மருந்தை இங்கே யார் தொடர்வது, எந்த ஆஸ்பத்திரி பார்ப்பது என்று சொல்ல ஒரு ஆள் இல்லாவிட்டால், நடுவில் இருக்கும் அந்த எல்லையிலேயே நம் பிள்ளைகள் தொலைந்து போவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. துணை நிற்பவர் அவர்கள் வீட்டில் பேசும் மொழியில் பேச வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். துணை நிற்பவர் ஒற்றர் ஆகிவிடக் கூடாது. நோயாளி சம்மதம் இல்லாமல் கம்பெனிக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ ஒரு வார்த்தை போகக் கூடாது. போனால் அடுத்த திங்கட்கிழமை போனை யாரும் எடுக்க மாட்டார்கள்.

இனி நீங்கள் செய்யக் கூடியது. உங்களில் கம்பெனிகளில் மனிதவளத் துறையில் இருப்பவர்கள் ஆறேழு பேர் என்று எனக்குத் தெரியும். சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வருபவனைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். முதல் சில மாதம் நைட் ஷிப்ட் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை போனால் அவனுக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணமே இருக்காது. நர்ஸாகவும் மருந்தாளுநராகவும் இருப்பவர்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். வார்டு உறுப்பினராக இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் இதைப் பேசுங்கள். நானும் வந்து கையைத் தூக்குகிறேன்.

வீட்டில் இந்தக் கஷ்டம் இருப்பவர்களுக்கு: பல வருஷம் தினமும் குடித்தவரை ரூமில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்தை வாங்காதீர்கள். அந்த மாதிரி மாத்திரை வயிற்றில் இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்து. சேர்க்கும் மையத்துக்கு அரசு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். போதை மீட்புக்கு மத்திய அரசின் இலவச எண் 14446. மனநல உதவிக்கு 14416. நோட்டில் எழுதி வையுங்கள்.

அரசு ஆள் போடும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சந்தைப் பெண்ணின் புருஷனுக்கு நேற்று மாலை நானே போன் செய்தேன். அவனும் என் மாணவன்தான், பக்கத்து செக்ஷன். முதலில் பயந்தான். "திட்டறதுக்குக் கூப்பிடல தம்பி. சாப்பிட்டியா, தூக்கம் வருதா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "தூக்கம் வரலீங்க டீச்சர்" என்றான். அந்த மையத்தில் கேட்டு மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கியாயிற்று. வருகிற வியாழக்கிழமை. இந்தத் தடவை கைப்பையில் வைக்கவில்லை. எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் அந்தத் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறேன். கூடப் போகிறேன்.

நான் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. அந்தப் பணியாளர் செய்ததில் பாதிகூட என்னால் முடியாது. ஆனால் வராத பிள்ளையைத் தேடிப் போக எனக்குத் தெரியும்.

கமெண்டில் யாருடைய பெயரையும் எழுத வேண்டாம். உங்கள் வீட்டு விஷயமானாலும் சரி, பக்கத்து வீட்டு விஷயமானாலும் சரி, எனக்குப் போன் செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பாரூர்.